நெமுரோவில் கேட்ட பதினொரு நிமிடங்கள்

நாகசாகி,
செப்டம்பர் 14.

நெமுரோ கடற்கரையில் பாசித் தொழில் செய்பவரும், ஐம்பது மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெடுநாள் அனுபவம் உள்ளவருமான திரு. ஹிரோமு கசாமா அவர்களுக்கு,

இறந்துபோன என் கணவரோடு நான் தினமும் வானொலியில் பேசுகிறேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் பக்கத்து வானொலி நண்பர்கள்வரை அது எட்டியிருப்பதாக அறிகிறேன். அது தவறு. ஐம்பத்தொரு வருட இல்வாழ்க்கையில், உயிரோடு இருந்தபோதே அவர் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர் அல்ல. இறந்த பிறகு சொல்லுவார் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு என் புத்தி மழுங்கவில்லை. நான் பேசியது உங்களோடு. பேச முயன்றேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அதேபோல, இறந்த மனிதர் ஒருவரோடு பேசினேன் என்று நீங்கள் ஹொக்கைடோ முழுக்கச் சொல்லிவருகிறீர்களாம். அதுவும் தவறு. நீங்கள் பேசியது உயிருள்ள மனிதரோடுதான். பிழை உங்கள் கூட்டலில் இருக்கிறது. அதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் குசலம். காகிதத்தில் எழுதுவதால், இதை முடிப்பதற்குள் வானம் கலைந்துவிடாது என்ற தைரியத்தில் முழுமையாகவே எழுதுகிறேன். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. ஆனால் காலையில் கல்படிகளின் ஓரத்தில் பூச்சிகளின் குரல் மாறிவிட்டது. உங்கள் கரையில் இப்போதே குளிர் தட்டியிருக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்றும், இவ்வருடப் பாசி மழைக்குச் சிக்காமல் காய்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நான் நலம், முழங்கால்களைத் தவிர.

இனி விஷயம். சென்ற ஜனவரியில் வானொலிச் சங்கத்தின் வழியாக, என் கணவர் தோகுஜிரோவின் பெயருக்கு ஓர் அட்டைக் கட்டு வந்தது. வானொலியில் பேசிய இருவர் 'ஆம், பேசினோம்' என்று ஒருவருக்கொருவர் அட்டை எழுதி உறுதி செய்துகொள்வதும், அந்த அட்டைகள் சங்கத்தின் கைகளில் ஆற அமரச் சுற்றி மாதக்கணக்கில் கழித்து வந்து சேர்வதும் இந்த வீட்டில் பழகிப்போன சங்கதி. அதில் அனுப்பியவரின் பெயர், ஊர், அழைப்புக்குறி இருக்கும், வீட்டு முகவரி இருக்காது. அந்தக் கட்டில் உங்கள் அட்டையும் இருந்தது. தேதி ஜூன் 11, நேரம் மாலை நான்கு பதினெட்டு. குறிப்பு எழுதும் இடத்தில், மிக மோசமான கையெழுத்தில், 'நீண்ட பேச்சுக்கு நன்றி. சொன்னபடியே செய்துவிடுங்கள். மனைவியார் மகிழ்வார்' என்று இருந்தது. என் கணவர் ஜூன் 11ஆம் தேதி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, எங்கள் வீட்டுக்கு ஏறும் நூற்றுப் பதினாறு படிகளில் எண்பதாவது படியில் உட்கார்ந்தபடி இறந்தார். கையில் ஒரு பை நிறைய மஞ்சள் பிவாப் பழம் இருந்தது. நான்கு பதினெட்டுக்கு நான் அவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் யாரோடும் பேசவில்லை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுவதற்காக அல்ல, பிழை எங்கே என்று பார்ப்பதற்காக. மாடி அறையில் இருந்த அவருடைய குறிப்பேட்டை எடுத்துவந்து பார்த்தேன். அதே தேதி, காலை ஏழு பதினெட்டு, நெமுரோ, கசாமா, பதினொரு நிமிடம். ஏழோடு ஒன்பதைக் கூட்டினால் பதினாறு, அதாவது மாலை நான்கு. வானொலிக்காரர்கள் உலகப் பொது நேரத்தில் குறித்துவைத்து, நம் நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் கூட்டிக்கொள்வது வழக்கம். நீங்கள் முதலிலேயே நம் நேரத்தில் குறித்துவிட்டு, அட்டை எழுத உட்கார்ந்தபோது மறுபடியும் ஒன்பதைக் கூட்டியிருக்கிறீர்கள். இந்தப் பிழையை உங்களைப் போன்றவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது. நான் படித்த கன்னியர் பள்ளியில் என்றால் உங்களை வராந்தாவில் நிறுத்தியிருப்பார்கள்.

கூட்டல் பிழையோடு விஷயம் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவருடைய குறிப்பேட்டிலும் குறிப்புக்கு ஓர் இடம் உண்டு. நாற்பது வருடக் குறிப்பேடுகளில் அந்த இடத்தில் 'மழை', 'மங்கல்', 'காலில் வலி' என்பதற்கு மேல் அவர் எழுதியதில்லை. அன்று மட்டும் 'சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறார். யாரிடம் என்று தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை.

இந்த இடத்தில், சொல்ல விருப்பமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 'சோறு மேசையில்', 'குளியல் தொட்டி சூடாக இருக்கிறது' என்று எழுதிவைத்துக்கொண்டோம். சண்டை மலையால் வந்தது. எங்கள் வீடு கொம்பிரா மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. உங்களுடைய அலைவரிசை விளக்கொளி போல நேராகப் போவது. எதிரே மலை இருந்தால் முட்டிக்கொள்ளும். முகட்டில் உரசி வளைந்து கொஞ்சம் இந்தப் பக்கம் இறங்கும், அதுவும் இருமல் மருந்து அளவுக்கு. பக்கத்து ஊர்க்காரன் குரல் வானத்திலிருந்து உயரமாக வரும், தொலைதூரத்துக்காரன் குரல் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து வரும், அதனால் தொலைவில் இருப்பவனைத்தான் மலை முதலில் வெட்டும் என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். மலைக்கு அந்தப் பக்கம், உரகாமியில், வடக்கே திறந்த மேட்டில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது.

"அந்தப் பக்கம் போயிடலாம், சுமியே."

"அந்தப் பக்கம் யார் இருக்கா?"

"ஜப்பான் முழுக்க இருக்கு."

"இந்தப் பக்கம் நான் இருக்கேன்."

அத்தோடு பேச்சு நின்றது. அந்த மலை 1945 ஆகஸ்டில், குண்டு விழுந்த அன்று, எங்கள் சரிவுக்கும் உரகாமிக்கும் நடுவே நின்றது. அதனால்தான் பதினைந்து வயதுக்குப் பிறகும் எனக்கு வயது ஏறியது. அவருடைய வீட்டார் எல்லோரும் உரகாமியில் இருந்தார்கள். அன்று சண்டை போட்டபோது நான் அதை நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன்.

ஆகவே அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள முடிவு செய்தேன். எங்கள் வட்டாரச் சங்கத்தின் தலைவர் திரு. ஒகுபோவிடம் போய் உங்கள் முகவரியைக் கேட்டேன்.

"சட்டம் வந்துடுச்சும்மா. யாரோட முகவரியையும் வெளியில கொடுக்கக் கூடாது."

"அப்படியானால் அவரை எப்படிப் பிடிப்பது?"

"அவர் வானொலிக்காரர். வானொலியில கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். நான் மறுநாளே இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டினேன். எழுபத்தெட்டு வயதில் வகுப்பறை வாசலில் நின்றபோது பயிற்சியாளர் ஓடி வந்து, "பாட்டிம்மா, கரோகே வகுப்பு எதிர் அறை" என்றார். எதிர் அறையில் பாடுகிறவர்களின் சுருதியைக் கேட்டபோது அங்கே எனக்கு வேலை இருந்ததாகவே தோன்றியது. இருந்தாலும் இங்கேதான் உட்கார்ந்தேன். பாடநூலில் இரண்டு அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். தேர்வில் ஒரு கேள்வி தவறிவிட்டது. அந்தக் கேள்வி தெளிவில்லாமல் இருந்தது என்பதை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. மே மாதம் உரிமம் வந்தது, எனக்கென்று தனி அழைப்புக்குறியோடு. அவருடைய ஆன்டெனா துணி உலர்த்தும் மேடைக்கு மேலே அப்படியே இருந்தது. அதைத் திருப்பும் பொறி துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. நல்லவேளையாக, நின்ற திசை வடகிழக்கு.

மிச்சமெல்லாம் வானத்தின் கையில் இருந்தது. கோடையில் தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உயரத்தில் திடீரென்று ஒரு மின் படலம் கட்டும். எப்போது கட்டும், எப்போது கலையும் என்பது பாடநூல் எழுதியவருக்கே தெரியவில்லை என்பது அவர் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அது கட்டியிருக்கும் கொஞ்ச நேரத்தில், மேலே போன அலை கண்ணாடியில் பட்டது போலத் திரும்பி ஆயிரம், ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப்போய் இறங்கும். நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. குழாய் ரிப்பேர்க்காரர் போல, வருகிறேன் என்று சொல்லாமல் வந்து, போகிறேன் என்று சொல்லாமல் போகிற இந்தப் படலத்தை நம்பி, தினமும் காலைப் பூசை முடிந்து வந்ததும் மாடியில் உட்கார்ந்து அழைத்தேன். அது உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ, அடுத்த வீட்டுத் திருமதி மினேக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டு வாசல்மணிப் பெட்டியில உங்க குரல் வருதுக்கா."

"என்ன சொல்லுது?"

"'இருக்கிறீர்களா? பதில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்'னு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்துட்டார்."

"மன்னிக்கணும். அது உங்களுக்கு இல்லை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பதில் வந்துச்சாக்கா?" என்றாள்.

"இன்னும் வரலை" என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கண் கலங்கினாள். ஏன் என்று சாயங்காலம் மீன்கடைக்குப் போனபோதுதான் புரிந்தது. கடைக்காரர் எனக்கு மட்டும் ஒரு கானாங்கெளுத்தி மீனைக் கூடுதலாக வைத்து, "அண்ணன்கிட்ட நாங்களும் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார். திரு. ஒகுபோ வந்து, அலை நுழையாமலிருக்க, வாசல்மணிக் கம்பியில் ஒரு வளையத்தை மாட்டினார். வாசல்மணியில் என் குரல் நின்றது. தெருவில் பேச்சு நிற்கவில்லை.

மே கடைசியில் படலம் முதல்முறை கட்டியது. ஆனால் தவறான இடத்தில். வடகிழக்கைப் பார்த்து நிற்கும் ஆன்டெனாவின் முதுகுப்புறமாக, தெற்கே இஷிகாகி தீவிலிருந்து அன்னாசி பயிரிடுகிறவர் ஒருவர் வந்து விழுந்தார். "நாகசாகி அம்மா, குரல் கணீர்னு இருக்கே! நம்ம தோட்டத்துல இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, காட்டுப்பன்றியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஒரு விநாடிகூட மங்கவில்லை. நெமுரோ வேண்டும் என்றால் இஷிகாகி கிடைக்கிறது. மேலே இருப்பவரிடம் நான் என்ன கேட்டேன் என்பது சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 17ஆம் தேதி நீங்கள் வந்தீர்கள். மலை முகட்டை உரசிக்கொண்டு, காகிதக் கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவது போல, "நெமுரோ, கசாமா" என்று கேட்டது. அறிமுகமில்லாத ஒருவரோடு முதல்முறை பேசும்போது எப்படித் தொடங்க வேண்டுமோ அப்படித் தொடங்கினேன். "இடைவிடாத மழையில் ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நிறம் கூடிவரும் இந்நாட்களில், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும்..." என்று சொல்லி முடித்து மைக் பொத்தானை விட்டபோது, அங்கே வெறும் இரைச்சல்தான் இருந்தது. குசலத்துக்கு நாற்பத்தைந்து விநாடி ஆயிற்று. வானம் கொடுத்தது முப்பது. ஒகுபோவிடம் சொன்னேன். "அம்மா, அலைவரிசை திறந்திருக்கறப்போ யாராவது பூவைப் பத்திப் பேசுவாங்களா? பேரு, ஊரு, எப்படிக் கேக்குது, அவ்வளவுதான். தந்தி அடிக்கிற மாதிரி" என்றார். தந்தியிலும் நான் குசலம் எழுதுகிறவள் என்று சொல்லவில்லை.

ஜூலை முழுக்க நீங்கள் பாசி அறுக்கக் கடலுக்குப் போய்விட்டீர்கள். படலம் கட்டிய நாட்களில் நீங்கள் இல்லை. மழையில் நீங்கள் கரையில் இருந்த நாட்களில் படலம் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயதுக்குப் பிறகு முதல்முறையாகக் காய்ச்சல் இல்லாமல் பூசைக்குப் போகாமல் இருந்தேன். அது எனக்கும் பங்குத்தந்தைக்கும் உள்ள விஷயம். ஒன்பது மணிக்கு நீங்கள் வந்தீர்கள். இந்தத் தடவை பூ இல்லை. "நான் தோகுஜிரோ ஃபுகஹோரியின் மனைவி. போன வருடம் ஜூன் பதினொன்று காலை அவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். மூச்சு விடவில்லை.

"ஆமாம்மா! அதை மறக்கவே முடியாது. அவர் என்ன சொன்னார்னா..." என்றீர்கள்.

அத்தோடு போயிற்று. உங்கள் ஊர் அமைதியான ஊர், ஊசி விழுந்தால் கேட்கும். எங்கள் சரிவில் அந்த நேரத்தில் நாற்பது ஏசிகள் ஓடுகின்றன. ஏற்கெனவே மலை உரசி இளைத்துப்போன குரல், அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. நான் பெட்டியை அணைத்தேன். அதன்பின் ஆகஸ்ட் முடியும்வரை தினமும் உட்கார்ந்தேன். வானம் மூடிவிட்டது. இனி அடுத்த மே மாதம்தான் என்கிறார்கள். எனக்கு அதற்குள் எழுபத்தொன்பது ஆகும். என் வயதில் ஒரு படலத்தின் வாக்கை நம்பி எட்டு மாதம் காத்திருக்கச் சொல்வது நியாயம் அல்ல.

நல்லவேளையாக, போன வாரம் உங்கள் அட்டை வந்தது. இந்த முறை உறையில், நேரடித் தபாலில், முகவரியோடு. எங்கள் வீட்டு முகவரியை அவர் எப்போதோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆவலோடு பிரித்தேன். 'தொடர்புக்கு மிக்க நன்றி. நான் சொன்னது தங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என நம்புகிறேன்' என்று இருந்தது. அவ்வளவே. திரு. கசாமா, எதிர்முனையில் இருப்பவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் இப்படி எழுதுவது பெரிய கவனக்குறைவு. அட்டையில் இடம் போதவில்லை என்றால் இரண்டு அட்டை எழுதியிருக்கலாம். (நேரத்தை இந்த முறை சரியாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மை ஆகாது.)

எனக்கு வேண்டியது இதுதான். அவர் மலையைத் தாண்டுவது என்று முடிவெடுத்தாரா, என்னோடு இந்தப் பக்கமே இருப்பது என்றா? 'சொன்னபடியே செய்துவிடுங்கள், மனைவியார் மகிழ்வார்' என்று எழுதினீர்களே, நான் எதற்கு மகிழ்ந்திருப்பேன்? வெறும் பிவாப் பழம் வாங்கிக் கொடுப்பதுதான் அது என்றால், அதையும் தயங்காமல் எழுதுங்கள். பழத்தைச் சாப்பிட்டுவிட்டேன், நன்றாக இருந்தது. அன்று காலை அவர் குரல் மலையைத் தாண்டி, நூறு கிலோமீட்டர் மேலே போய், ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தள்ளி உங்கள் அறையில் இறங்கியபோது, நான் இரண்டு தெரு தள்ளி ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்தேன். அருகில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்பது அந்தப் படலத்தின் இயல்பு என்று பாடநூலில் இருக்கிறது. அந்த வரியைத் திருத்த முடியுமா என்று வெகுநேரம் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் கடலில் மூடுபனி குறையட்டும், படகும் முதுகும் உறுதியாக இருக்கட்டும், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இருமல் வராதிருக்கட்டும் என்று நாளைப் பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வேன். தங்கள் மனைவியாருக்கு, முகம் அறியாவிட்டாலும், என் அன்பான வணக்கம்.

இப்படிக்கு,
அகத்தா சுமியே ஃபுகஹோரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதியைப் பற்றி எழுதியது சரியல்ல. உங்கள் குரல் மூழ்கியதும் நான் பெட்டியை அணைக்கவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்தது. ஒரு மூச்சு கேட்டது, ஓர் 'அப்புறம்' கேட்டது, ஒரு சிரிப்பு கேட்டது. நான்கு நிமிடம் இருக்கும். பிறகு ஒரே ஒரு விநாடி எல்லாம் தெளிந்து, "எல்லாம் கேட்டுச்சாம்மா?" என்று நீங்கள் கேட்டது பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலக் கேட்டது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். ஒருவரை இரண்டாம் முறை சொல்ல வைப்பது மரியாதை அல்ல என்று வளர்க்கப்பட்டவள் நான். அதோடு, உங்கள் குரல் தழுதழுத்திருந்தது. "தெளிவாகக் கேட்டது, மிக்க நன்றி" என்று சொல்லிவிட்டேன். உங்கள் அட்டையைப் பார்த்தால் அது உங்களுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே கவனக்குறைவு உங்களுடையது அல்ல. அவரிடமும் ஐம்பத்தொரு வருடம் சமையலறையில் இருந்தபடி, திரும்பிப் பார்க்காமல், "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குமேல் சொன்னதில்லை. நான் எதையும் கேட்கவில்லை, திரு. கசாமா. அவர் சொன்னதை, உங்களுக்கு நினைவிருக்கும் வரையில், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தயவுசெய்து தபாலில் பதில் அனுப்புங்கள்.